எண்ணில் இரண்டு, பண்பில் ஒன்று

காப்பு நகல் என்பது ஒரு பொருளைப் பண்பில் ஒன்றாகவும் எண்ணில் இரண்டாகவும் வைத்திருக்கும் ஏற்பாடு. மூலத்திலிருந்து ஓர் எழுத்து பிசகினாலும் அது நகல் ஆகாது. மூலம் அழியும்போது தானும் சேர்ந்து அழிந்தால் அது காப்பு ஆகாது. ஒரே ஒரு கணினிக்கு நகல் எடுக்கும்போது இந்த இரண்டு நிபந்தனைகளும் தகராறின்றி நிறைவேறிவிடும். பல கணினிகளின் கோப்புகளை ஒரே வெளி ஹார்டு டிஸ்கில் சேர்க்கும்போதுதான் அவை மோதத் தொடங்குகின்றன. ஒரே கோப்பு பல கணினிகளிலிருந்து வந்து சேர்கிறது. ஒரே கணினி பல நாள்களில், பல நிலைகளில் வந்து சேர்கிறது. எவற்றை ஒன்றாக்கலாம், எவற்றை இரண்டாகவே விட வேண்டும் என்று தீர்மானிக்காமல் அந்த டிஸ்கில் ஒரு ஃபோல்டரைக்கூடத் திறக்க முடியாது. அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் நிற்பது தத்துவத்தின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று: ஒரு பொருளை இன்ன பொருள் என்று ஆக்குவது எது?

ஒரு வீட்டில் மூன்று கணினிகள் இருப்பதாகக் கொள்ளலாம்: அப்பாவின் மேசைக் கணினி, மகளின் மடிக்கணினி, கடைக் கணக்கு எழுதும் கணினி. ஒரு திருமணப் படம் முதல் இரண்டிலும் இருக்கிறது. இரண்டுக்கும் அளவு ஒன்று. உள்ளிருக்கும் பிட்டுகளும் ஒன்றுவிடாமல் ஒன்று. டிஸ்கில் அது ஒருமுறை இருக்க வேண்டுமா, இருமுறையா? வழக்கத்தில் மூன்று அடுக்குமுறைகள் உண்டு. ஒவ்வொரு கணினிக்கும் தனி ஃபோல்டர் வைப்பது கணினிவாரி. படங்கள், கணக்குகள், கடிதங்கள் என்று பிரிப்பது பொருள்வாரி. நகல் எடுத்த தேதிக்கு ஒன்றாக வைப்பது நாள்வாரி. முதலாவது, பொருளின் அடையாளம் அதன் இருப்பிடத்தில் உள்ளது என்கிறது. இரண்டாவது, உள்ளடக்கத்தில் என்கிறது. மூன்றாவது, காலத்தில் என்கிறது.

இருப்பிடம்

எல்லாப் பண்புகளிலும் ஒத்த இரு பொருள்கள் உண்மையில் இரண்டல்ல, ஒன்றே என்பது ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸின் கொள்கை. 1715–16 ஆண்டுகளில் சாமுவேல் கிளார்க்குடன் நடந்த கடித விவாதத்தில் அவர் இதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். ஹெரன்ஹௌசன் அரண்மனைத் தோட்டத்தில், அச்சு அசலாக ஒன்றுபோலவே உள்ள இரு இலைகளைக் காட்ட முடியும் என்று ஒருவர் நினைத்தார். இளவரசி சோஃபியா, முடிந்தால் காட்டுங்கள் என்றார். அவர் தோட்டமெங்கும் நெடுநேரம் தேடியும் அப்படி ஓர் இணை கிடைக்கவில்லை.

கணினியில் அந்த இணை ஒரு நொடியில் உருவாகிவிடுகிறது. லைப்னிட்ஸுக்கு மறுப்பாகத் தத்துவ அறிஞர் மாக்ஸ் பிளாக் 1952-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கற்பனை உண்டு: வேறு எதுவுமே இல்லாத அண்டத்தில் எல்லா வகையிலும் ஒத்த இரண்டு இரும்புக் கோளங்கள். பண்பால் பிரிக்க முடியாவிட்டாலும் அவை இரண்டுதானே என்பது அவர் கேள்வி. இந்தியத் தத்துவப் பிரிவினருள் வைசேடிகர் இதே சிக்கலை அணுக்களைப் பற்றிய ஆராய்ச்சியில் சந்தித்தனர். ஒரே இனத்து அணுக்கள் இரண்டு எல்லாப் பண்பிலும் ஒத்திருந்தால், அவற்றை இரண்டாக வைத்திருப்பது எது? அவர்கள் தந்த விடை விசேடம் என்னும் தனிப் பதார்த்தம். வேறு எந்தக் காரணமும் தேவைப்படாமல், தானே ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக்காட்டும் தன்மை அது.

கோப்புக்கு அந்தத் தன்மையைத் தருவது இருப்பிடம்: எந்தக் கணினி, எந்த ஃபோல்டர், எந்தக் கோப்புகளின் பக்கத்தில் என்பது. அப்பாவின் கணினியில் அந்தத் திருமணப் படம் குடும்பப் படங்களுக்கு நடுவே கிடக்கிறது. மகளின் கணினியில் அதே படம் அச்சகத்துக்கு அனுப்பிய ஆல்பத்தின் பதினேழாம் பக்கமாக, முன்னும் பின்னும் வரும் படங்களோடு வரிசையில் நிற்கிறது. இரண்டையும் தூக்கிப் ‘படங்கள்’ என்ற ஒரே ஃபோல்டரில் போட்டால், படத்தில் ஒரு புள்ளிகூடக் குறையாது. ஆனால் ஆல்பம் போய்விடும். ஆவணக் காப்பகத் துறை இதை முன்பே அறிந்திருந்தது. 1841-இல் பிரான்சில் நத்தாலிஸ் தெ வைய்யி வரைந்த அரசுச் சுற்றறிக்கை, ஓர் அமைப்பிலிருந்தோ குடும்பத்திலிருந்தோ வந்த ஆவணங்களை ஒரே தொகுதியாகக் காக்க வேண்டும், மற்றவற்றோடு கலக்கக் கூடாது என்று விதித்தது. பிறப்பிட நெறி என்று உலகெங்கும் காப்பகங்கள் பின்பற்றும் கோட்பாட்டின் தொடக்கம் இது. பல கணினிகளுக்கான டிஸ்கில் முதல் பிரிவு கணினிவாரியாகவே இருக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். பொருள்வாரித் தொகுப்பு வேண்டுமென்றால் அதைப் பட்டியலாகத் தனியே எழுதிக்கொள்ளலாம். கோப்புகளை இடம் பெயர்த்து அதைச் செய்தால், வந்த இடம் பற்றிய செய்தி திரும்பக் கிடைக்காது.

அடையாளம் காணுதல்

இரண்டாம் முறை நகல் எடுக்கும்போது, நேற்று வந்த கோப்புதான் இன்றும் வந்திருக்கிறதா என்று நிரல் கண்டறிய வேண்டும். ‘அதுவே இது’ என்னும் இந்த அறிவுக்கு இந்தியத் தத்துவத்தில் பிரத்தியபிஞ்ஞை என்று பெயர். அதன் நம்பகத்தன்மை குறித்து நையாயிகரும் பௌத்தரும் பல நூற்றாண்டுகள் வாதிட்டனர். நேற்றுக் கண்டதை இன்று அதுவே என அறிவதால் பொருளும் நிலைத்திருக்கிறது, அறிபவனும் நிலைத்திருக்கிறான் என்பது நியாய மரபு. கத்தரித்தபின் வளர்ந்த முடியையும் நகத்தையும் பார்த்து அதே முடி, அதே நகம் என்கிறோம். அங்கே இருப்பது ஒப்புமை, அதை ஒருமையாக மயங்குகிறோம் என்பது பௌத்தரின் பதில். இந்த வாதம் தமிழுக்குப் புதிதல்ல. பௌத்தக் கொள்கையை மணிமேகலை விளக்குகிறது. சமண நூலாகிய நீலகேசி அதனோடு வாதிடுகிறது. சிவஞான சித்தியாரின் பரபக்கம் பௌத்தத்தின் நான்கு பிரிவுகளையும் எடுத்துக்கொண்டு மறுக்கிறது.

ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கராஸ் ஆகிய இருவரும் 1996-இல் வெளியிட்ட ஆர்சிங்க் என்னும் நகல் நிரல், தனியே கட்டளையிடாவிட்டால் இரண்டே அடையாளங்களைப் பார்க்கிறது: கோப்பின் அளவு, கடைசியாக மாற்றப்பட்ட நேரம். இரண்டும் ஒத்திருந்தால் ‘அதுவே இது’ என்று அடுத்த கோப்புக்குப் போய்விடுகிறது. பெரும்பாலும் இது சரியாகவே இருக்கும். ஆனால் டிஸ்க் பழுதால் உள்ளே சில பிட்டுகள் புரண்டுபோய், அளவும் நேரமும் அப்படியே நின்றால், கெட்ட கோப்பை நல்ல கோப்பென்று அது ஏற்கும். பௌத்தர் சுட்டிய மயக்கம் இதுவே. உள்ளடக்கம் மாறாமல் நேரம் மட்டும் மாறினாலோ, மாறாத கோப்பையே மாறியதாக எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கும்.

இதற்கு மாற்று, உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு ஒரு ஹாஷ் எண் பெறுவது. 2001-இல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் வெளியிட்ட எஸ்ஹெச்ஏ-256 முறையில், எவ்வளவு பெரிய கோப்பும் 256 பிட் கொண்ட ஓர் எண்ணாகிறது. ஒரு பிட் மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். இங்கும் காணப்படுவது ஒப்புமைதான்; ஆனால் தற்செயலாகப் பொய்க்கும் வாய்ப்பு நடைமுறையில் இல்லாத அளவுக்குக் கூர்மையான ஒப்புமை. அதற்கும் எல்லை உண்டு. 1995-இல் வந்த எஸ்ஹெச்ஏ-1 முறையில் ஒரே எண்ணைத் தரும் இரு வேறு பிடிஎஃப் கோப்புகளை 2017-இல் கூகுள் நிறுவனமும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிக் காட்டின. எண் ஒத்தால் பொருளும் ஒன்று என்னும் முடிவு எப்போதும் அனுமானமே. அனுமானத்தின் வலிமை அதன் ஏதுவின் வலிமையைப் பொறுத்தது.

தமிழில் பெயரிடப்பட்ட கோப்புகளில் இதன் மறுபக்கமும் தெரியும். ‘கொலு’ என்ற ஃபோல்டர் பெயரில் உள்ள கொகரத்தின் உயிர்க்குறியை யூனிகோட் இரண்டு விதமாகக் குறிக்க இடம் தருகிறது: ஒரே குறியாகவோ, ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவோ. மேக் கணினிகளின் பழைய ஹெச்எஃப்எஸ்+ கோப்பு முறை பெயரைப் பிரித்தே சேமிக்கும். விண்டோஸ் தட்டச்சில் பொதுவாக அது ஒரே குறியாக வரும். இரண்டும் ஒரு டிஸ்கில் சேரும்போது, கண்ணுக்கு ஒரு வேறுபாடும் இல்லாத இரண்டு ‘கொலு’ ஃபோல்டர்கள் அடுத்தடுத்து நிற்கலாம். நிரலுக்கு அவை இரண்டு, பார்ப்பவருக்கு ஒன்று. எதை அடையாளமாகக் கொள்வது என்று முன்கூட்டியே வகுக்காவிட்டால் ‘அதுவே இது’ என்னும் தீர்ப்புக்குப் பொருள் இல்லை.

பெயர் பல, உடல் ஒன்று

ஒரே உள்ளடக்கம் என்று உறுதியானபின் அதை எத்தனை முறை எழுதுவது? பெல் ஆய்வுக்கூடத்தில் ஷான் குயின்லனும் ஷான் டோர்வர்டும் 2002-இல் விளக்கிய வென்ட்டி என்னும் சேமிப்பு முறை, ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் அதன் ஹாஷ் எண்ணையே முகவரியாக்கியது. அதே துண்டு எந்தக் கணினியிலிருந்து எத்தனை முறை வந்தாலும் ஒருமுறைதான் எழுதப்படும். இன்று புழக்கத்தில் உள்ள போர்க், ரெஸ்டிக் போன்ற காப்பு நிரல்கள் இந்த வழியில் இயங்குபவை. ஒவ்வொரு கணினியின் பட்டியலும் தனித்தனியே இருக்கும்; பட்டியல் சுட்டும் உடல் மட்டும் பொதுவாக இருக்கும்.

2007-இல் வந்த ஆப்பிளின் டைம் மெஷின், தொடக்கத்தில் ஹார்டு லிங்க் என்னும் உத்தியால் இதே பயனைப் பெற்றது. அந்த முறையில், தேதிக்கு ஒன்றாக உள்ள ஃபோல்டர்களில் எதைத் திறந்தாலும் அன்றைய கணினி முழுவதும் தெரியும். மாறாத கோப்பின் தரவோ டிஸ்கில் ஒரே இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தேதி ஃபோல்டரிலும் இருப்பது அதற்கு இட்ட இன்னொரு பெயர். முதல் நாளின் ஃபோல்டரை அழித்தால் ஒரு பெயர் நீங்கும், தரவு நீங்காது. எத்தனை பெயர்கள் எஞ்சியுள்ளன என்பதைக் கோப்பு முறை எண்ணிக்கொண்டே வருகிறது. அந்த எண்ணிக்கை பூச்சியமானால்தான் இடம் காலியாகும்.

இடச் சிக்கனத்துக்கு இது அருமையான வழி. ஆனால் முப்பது பெயர்கள் இருப்பதால் முப்பது நகல்கள் இருக்கின்றன என்று எண்ணுவது பெரும் பிழை. அந்த ஓரிடத்தில் டிஸ்க் பழுதானால் முப்பது தேதிகளிலும் கோப்பு ஒருசேரக் கெடும். ஒரே டிஸ்கில் உண்மையாகவே இருமுறை எழுதிவைத்தாலும் நிலைமை அதிகம் மாறாது. டிஸ்க் கீழே விழுந்தாலும், திருடு போனாலும், தீயில் சிக்கினாலும் இரண்டும் சேர்ந்தே போகும். காப்பில் இரண்டு என்னும் எண்ணுக்குப் பொருள் தருவது விதியின் பிரிவு: ஒன்றுக்கு நேரும் கேடு மற்றொன்றைத் தொடாதிருப்பது. ஆகவே ஒரு டிஸ்குக்குள் ஒன்றாக்குவதில் தவறில்லை. அந்த டிஸ்குக்கு வெளியே, வேறொரு கூரையின் கீழ், இரண்டாவது உடல் இருந்தாக வேண்டும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதி சொல்வதும் இதையே: 3 படிகள், 2 வகை ஊடகங்கள், அவற்றுள் 1 வேறு இடத்தில்.

1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அச்சு நூல்களில் வேறு இடங்களில் படி இருந்தவற்றைத் தேடிச் சேர்க்க முடியும். ஒற்றைப் படியாக அங்கே மட்டும் இருந்த ஓலைச்சுவடிக்கு அந்த வழி இல்லை. ஓலையோடு நூலும் போயிற்று. தத்துவ அறிஞர் நெல்சன் குட்மன் 1968-இல் கலைகளை இரண்டு வகையாகப் பிரித்தார். ஓவியத்தில் மூலத்துக்கு மட்டுமே மதிப்பு. எவ்வளவு துல்லியமான நகலும் அந்த ஓவியம் ஆகாது. எழுத்தில், சரியாகப் படியெடுத்த ஒவ்வொன்றும் முழு நூலே. கணினிக் கோப்பு இரண்டாவது வகை. ஒவ்வொரு படியும் முழுப் பொருளாக இருக்கக்கூடிய ஒன்றை ஒற்றைப் படியாக விட்டுவைப்பது, அழியத் தேவையில்லாததை அழிய விடுவதாகும்.

காலம்

கணினி ஒவ்வொரு நாளும் மாறுகிறது. அதன் இன்றைய நிலையை மட்டும் டிஸ்கில் வைப்பது பிரதிபலிப்பு முறை. மூலத்தில் அழிந்தது நகலிலும் அழியும். தீநிரல் ஒன்று கோப்புகளைப் பூட்டினால், அடுத்த முறை பூட்டிய கோப்புகளே நல்ல நகலின் மேல் எழுதப்படும். மூலத்தை அணுவளவும் பிரியாத விசுவாசம் இங்கே கேடாகிறது. எனவே கணினிவாரிப் பிரிவுக்குள் நாள்வாரிப் பிரிவு அவசியம்.

கணந்தோறும் பொருள் அழிந்து வேறு பொருள் தோன்றுகிறது, தொடர்ச்சி மட்டுமே உண்டு என்பது பௌத்தரின் கணபங்கக் கொள்கை. மிலிந்தன் என்னும் அரசனுக்கு பௌத்தத் துறவி நாகசேனர் விளக்கொளியை உதாரணமாகச் சொல்கிறார். முதல் சாமத்துச் சுடரும் கடைச் சாமத்துச் சுடரும் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல. ஒரே விளக்கைச் சார்ந்து இரவு முழுதும் எரிந்தது. நாள்வாரி நகல்கள் இந்த நோக்கில் அமைந்தவை. மார்ச் முதல் நாள் கணினியும் இரண்டாம் நாள் கணினியும் தனித்தனி நிலைகள். மகளின் மடிக்கணினி என்பது அந்நிலைகளின் தொடருக்கு இட்ட பெயர்.

எல்லாக் கணங்களையும் வைத்திருக்க டிஸ்கில் இடம் இல்லை. டைம் மெஷின் கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்று, கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று, அதற்கு முந்தைய காலத்துக்கு வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, இடம் தீர்ந்தால் மிகப் பழையதை விடுகிறது. அண்மையைத் துல்லியமாகவும் தொலைவைச் சுருக்கமாகவும் காக்கும் இந்த ஒழுங்கு, எதை மறக்கலாம் என்பதைத் தற்செயலுக்கு விடாமல் முன்கூட்டி வகுக்கிறது. ஆண்டு முடிவுக் கணக்குபோல் விடக்கூடாத நிலைகளை இந்தச் சுழற்சியிலிருந்து எடுத்துத் தனியே வைக்க வேண்டும்.

கணினி பழுதாகிப் புதியது வாங்கி, டிஸ்கிலிருந்து எல்லாவற்றையும் அதில் ஏற்றும்போது தொடர்ச்சியைப் பற்றிய கேள்வி நேராகவே எழுகிறது. பழைய மேக்கின் காப்பு நகல்களைப் புதிய மேக் கண்டால், அந்த வரலாற்றைத் தன்னுடையதாக ஏற்றுத் தொடர்வதா, புதிதாகத் தொடங்குவதா என்று டைம் மெஷின் கேட்கும். பழைய கணினியும் பழுது பார்த்துத் திரும்பிவிட்டால் சிக்கல் இரட்டிக்கிறது. தீசியஸின் கப்பலைப் பற்றித் தாமஸ் ஹாப்ஸ் 1655-இல் எழுப்பிய வினா இதே வடிவம் கொண்டது: பலகை பலகையாகப் புதுப்பித்த கப்பல் ஒருபுறம், கழற்றிய பழைய பலகைகளையே சேர்த்துக் கட்டிய கப்பல் மறுபுறம்; இரண்டில் எது தீசியஸின் கப்பல்? தத்துவத்தில் வினா திறந்தே இருக்கலாம். டிஸ்கில் முடிவு தேவை; இரண்டு கணினிகள் ஒரே பெயரின் கீழ் எழுதினால் இரண்டின் வரலாறும் குழம்பும். தொடர்ச்சி ஒன்றுக்கே உரியது. மற்றது பிரிந்த நாளிலிருந்து புதுப் பெயர் பெற வேண்டும்.

அடைக்கலப் பொருள்

பல கணினிகள் என்றால் பெரும்பாலும் பல மனிதர்கள். டிஸ்கை வைத்திருப்பவர் பிறர் பொருளுக்குக் காவலர் ஆகிறார். பேழைக்குள் மூடி, உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லாமல் ஒருவர் கையில் ஒப்படைக்கப்படும் பொருளை பழைய அறநூலான யாக்ஞவல்கிய ஸ்மிருதி தனி வகை அடைக்கலமாக வகுக்கிறது. அதை அப்படியே திருப்பித் தர வேண்டும் என்கிறது. கடவுச்சொல்லால் பூட்டிய பகுதி இந்த வகைதான். காவலர் அதைத் திறக்காமலே காக்க முடியும், திறக்காமல் காப்பதே முறை. ஒவ்வொருவருக்கும் தனிச் சாவியால் பூட்டிய பகுதி இருந்தால், ஒத்த கோப்புகளை அவற்றுக்கிடையே ஒன்றாக்க முடியாது. திருமணப் படம் இருமுறை இடம் பிடிக்கும். அந்த இடம் வீணல்ல, அந்தரங்கத்துக்குக் கொடுக்கும் விலை. ஆனால் சாவி தொலைந்தால் பொருள் இருந்தும் இல்லாததாகும் என்பதால், சாவிக்கும் டிஸ்குக்கு வெளியே ஒரு நகல் வேண்டும்.

அதே ஸ்மிருதி, அரசன், தெய்வச்செயல், திருடர் ஆகியோரால் போன பொருளுக்குக் காவலர் பொறுப்பல்ல என்று விலக்கு அளிக்கிறது. காப்பு நகலின் காவலருக்கு இந்த விலக்கு பொருந்தாது. திருட்டுக்கும் தீக்கும் எதிராகவே அவரிடம் பொருள் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

கோப்பு முறையைத் தேர்ந்தெடுப்பதும் இந்தக் கடமையில் அடங்கும். எக்ஸ்ஃபேட் முறையை விண்டோஸும் மேக்கும் படிக்கும். ஆனால் கோப்பு யாருக்கு உரியது, யார் திறக்கலாம் என்னும் குறிப்பு அதில் நிற்காது, ஹார்டு லிங்க்கும் இயலாது. பழைய ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பே ஏறாது. டிஸ்கைப் பிரித்து, மேக்குக்கு ஏபிஎஃப்எஸ், விண்டோஸுக்கு என்டிஎஃப்எஸ் என்று அவரவர்க்கு உரிய பகுதி தந்தால், கோப்போடு அதன் உரிமைக் குறிப்பும் திரும்பி வரும்.

சான்று

டிஸ்கில் உள்ளது உண்மையான நகல்தான் என்பதை எப்படி அறிவது? ஓர் அறிவு மெய்யானது என்பதற்கு அந்த அறிவே சான்று, மறுப்பு தோன்றும்வரை ஐயுற வேண்டியதில்லை என்பது இந்தியத் தத்துவத்தில் மீமாம்சகரின் நிலை. செயலில் இறங்கிப் பயன் கண்டால்தான் மெய் உறுதியாகும் என்பது நையாயிகரின் நிலை: நீர் என்று கண்டதை அருகில் போய்க் குடித்துத் தாகம் தீர்ந்தால் அது நீர், இல்லையேல் கானல்.

‘டாய் ஸ்டோரி 2’ திரைப்படம் உருவாகிக்கொண்டிருந்த 1998-இல், தவறான ஒரு கட்டளையால் அதன் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. காப்பு நகல் ஏற்பாடு இருந்தது. அதை நாடியபோதுதான் அது சரியாக இயங்கவில்லை என்று தெரிந்தது. வீட்டிலிருந்து பணிசெய்த தொழில்நுட்ப இயக்குநர் ஒருவரின் கணினியில் இருந்த படியே படத்தைக் காத்தது. மறுப்பு தோன்றும்வரை நம்பலாம் என்ற கொள்கைக்குக் காப்பு நகலில் இடம் இல்லை; இங்கே மறுப்பு தோன்றும் வேளை, மூலம் ஏற்கெனவே அழிந்துவிட்ட வேளை.

ஒவ்வொரு சோதனைக்கும் இன்னொரு சோதனை தேவை என்றால் முடிவே இராது என்பது மீமாம்சகரின் எதிர்வாதம். அதில் நியாயம் உண்டு. ஹாஷ் எண்ணைச் சரிபார்க்கும் நிரலைச் சரிபார்ப்பது யார் என்று கேட்டுக்கொண்டே போகலாம். அந்தத் தொடரை நிறுத்துவது பயன். குறித்த காலத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு கணினியின் பகுதியிலிருந்தும் சில கோப்புகளை வேறொரு கணினியில் மீட்டு, உரியவர் திறந்து பார்க்க வேண்டும். கடைக் கணக்கு உரிய நிரலில் திறந்து கூட்டுத்தொகை சரியாக வந்தால், நகல் நகலே.

இவ்வளவும் சேர்ந்தால் டிஸ்கின் ஒழுங்கு வந்துவிடுகிறது. மேல்நிலையில் கணினிக்கு ஒரு பகுதி, அதனுள் நாளுக்கு ஒரு நிலை, ஒரே பகுதிக்குள் ஒத்த உள்ளடக்கத்துக்கு ஒரே உடல், வேறொரு கூரையின் கீழ் இரண்டாவது டிஸ்க், குறித்த காலத்தில் மீட்புச் சோதனை. பொருளின் அடையாளத்தை இருப்பிடம், உள்ளடக்கம், காலம் ஆகிய மூன்றில் எந்த ஒன்றில் மட்டும் காண முயன்றாலும் ஏதோ ஒன்று நழுவுகிறது. எங்கே இருந்தது, என்னவாக இருந்தது, எப்போது இருந்தது என்ற மூன்று வினாக்களுக்கும் விடை சொல்லும் நகலே, இழந்த பொருளுக்கு ஈடாக நிற்க வல்லது.